தேக்கா டீச்சர் – 9: கேன்... கேனாட்!

“கேனாட். ஒன் மோர்.”

சொல்லிவிட்டுப் படகுக்காரர் மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சனிக்கிழமை காலை எட்டரை மணி. சாங்கி முனைப் படகுத்துறை. எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் புலாவ் உபின் தீவு. நாங்கள் பதினோரு பேர் நின்றிருந்தோம்: நான், என் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர், சைக்கிள்களோடு வந்திருந்த உள்ளூர்க் குடும்பத்தில் நாலு பேர். உபினுக்குப் போகும் மரப்படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். நிமிடக் கணக்கில் ரயில் ஓடும் ஊரில் தலையை எண்ணி விடுகிற வண்டி. நம்மூர் ஷேர் ஆட்டோவைக் கடலில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இருபது நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டாவது தலையைக் காணோம். என் மாணவி ஒருத்தி, ஹனோய்காரப் பெண், பொறுமையிழந்து எழுந்தாள். வாரம் முழுக்க நான் நடத்திய பாடத்தையெல்லாம் திரட்டி ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்... தாங்கள் பெரிய மனது வைத்து இப்போதே படகை எடுப்பது சாத்தியமாகுமா என்று நாங்கள் தெரிந்துகொள்ளலாமா என்கிற அளவுக்கு நீளம், பணிவு, இலக்கண சுத்தம். எனக்குப் புல்லரித்துவிட்டது. படகுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கேனாட்.”

சைக்கிள் குடும்பத்து அப்பா எழுந்து வந்தார். பையிலிருந்து நாலு வெள்ளியை எடுத்து நீட்டினார். இங்கே தமிழர் வாயில் டாலருக்கு வெள்ளி என்றுதான் பெயர்.

“ஐ பே ஒன் மோர். கேன்?”

“கேன்.”

மோட்டார் உறுமியது. இல்லாத பன்னிரண்டாவது ஆளுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு படகு கிளம்பியது. ஹனோய்ப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘இதுக்கா நான் உங்ககிட்ட ஃபீஸ் கட்டறேன்?’ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அது வியட்நாமிய மொழியாக இருந்தாலும் எனக்குப் புரிந்தது.

*

நம்மூரில் கேன் என்றால் தண்ணீர் கேன். ‘கேன் வேணுமா’ என்று வாசலில் குரல் கேட்டால் காலியை எடுத்து வெளியே வைப்போம். சிங்கப்பூரில் அது ஒரு முழு வாக்கியம். எழுவாய் கிடையாது, செயப்படுபொருள் கிடையாது. வாலில் ஒட்டிக்கொள்ளும் ஓரெழுத்து ஈரெழுத்து ஒலியை வைத்துக்கொண்டு எத்தனை அர்த்தம்! ‘கேன் ஆ?’ என்றால் முடியுமா. ‘கேன் லா’ என்றால், அட முடியும்ப்பா, இதைப்போய்க் கேட்கிறாயே. ‘கேன் மே?’ என்றால் நீ சொல்வதை நான் நம்பவில்லை. ‘கேன் லோர்’ என்றால், வேறு வழி? சரி, செய்து தொலைக்கிறேன்.

வந்த புதிதில் இதைக் கேட்டால் எனக்குக் காது கூசும். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஒன்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் நான். கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் எழுதாவிட்டால் அரை மார்க் குறைக்கும் பரம்பரை. ஒருநாள் ஊருக்கு போன் பேசிக்கொண்டிருந்தேன். “பொங்கலுக்கு வருவியா?” என்றாள் அம்மா. “வருவேன்” என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாமும் வினைச்சொல்லைத்தானே திருப்பிக் கொடுக்கிறோம்! முடியுமா? முடியும். சாப்பிட்டியா? சாப்பிட்டேன். மலாய்க்காரரிடம் ‘போலே?’ என்றால் ‘போலே’ என்பார், அதுவும் ‘முடியும்’தான். சீனமும் அப்படியே. மூன்று மொழிக்காரர்களும் தத்தம் வீட்டு வழக்கத்தை ஆங்கிலத்தின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் நம் பங்கும் இருக்கிறது என்று தெரிந்ததும் காது கூசுவது நின்றுவிட்டது.

காபிக் கடையில் போய் நின்றால் இந்தக் கூட்டுக் குடித்தனம் இன்னும் பளிச்சென்று தெரியும். முதல் நாள் நான் சுத்தமான ஆங்கிலத்தில் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், ஐஸோடு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரப் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்: “தே ஓ கோசோங் பெங்!” நாலே சொல். ‘ஓ’ என்றால் ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு, அதாவது பால் கிடையாது. ‘கோசோங்’ மலாய், காலி, அதாவது சர்க்கரை கிடையாது. ‘பெங்’ மறுபடியும் ஹொக்கியன், ஐஸ். அதே கோசோங் பரோட்டாக் கடைக்குப் போனால், உள்ளே முட்டையோ வெங்காயமோ இல்லாத வெறும் பரோட்டா. அங்கே சீனர்கூட மாஸ்டரைக் கூப்பிடுவது “அண்ணே” என்று! ஆங்கில டீச்சரான நான் இந்த ஊரில் முதலில் மனப்பாடம் செய்தது இந்த வாய்பாட்டைத்தான்.

*

உபினை விட்டு எங்கோ போய்விட்டேன். அங்கே சாகசம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாடகை சைக்கிள், செம்மண் பாதை, இரண்டு பக்கமும் ரம்புத்தானும் டுரியானும். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய தீவு இது. நடுக்கடலில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு 1850 வாக்கில் கல் போனது இங்கிருந்துதான். இன்றைக்கு அந்தக் கல்குழிகளில் தண்ணீர் நிறைந்து கொக்கும் நாரையும் குடியிருக்கின்றன. ஓரிடத்தில் என் மாணவன், ஒரு கொரியப் பையன், சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படம் எடுக்கப் போனான். திரும்பி வருவதற்குள் ஒரு காட்டுப்பன்றி கூடையிலிருந்த ரொட்டிப் பையைக் கவ்விக்கொண்டு சாவகாசமாக நடந்துபோயிற்று. அவன் கொரிய மொழியில் என்னவோ கத்தினான். பிறகு என்னிடம் வந்து, “டீச்சர், இதை ஆங்கிலத்தில் எப்படிக் கத்த வேண்டும்?” என்றான். இருபது வருஷமாகப் படித்த ஆங்கிலம் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. “எங்க ஊரில் ‘ஊய்’ என்போம்” என்றேன். குறித்துக்கொண்டான்.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா. அலை இறங்கினால் நட்சத்திர மீனும் கடல் வெள்ளரியும் கண்ணில் படும் சதுப்பு நிலம், சுமார் 100 ஹெக்டேர். இதைத் தூர்த்து நிலமாக்க ஒரு காலத்தில் திட்டம் போட்டாகியிருந்தது. 2001இல் இயற்கை ஆர்வலர்கள் அலை இறங்கும் நேரமெல்லாம் வந்து உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். செய்தி பரவி ஊர்சனம் படகு படகாக வந்து பார்த்தது. மனுக்கள் போயின. 2002 ஜனவரியில் அரசாங்கம் தூர்க்கும் வேலையை ஒத்திவைப்பதாக அறிவித்தது. ஐந்து வருஷம் கழித்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மரநடைபாதையும் போட்டுக் கொடுத்தது. அந்தப் பலகைகள்மேல் நின்று மாணவர்களுக்கு இதைச் சொன்னேன். எதைச் சொன்னாலும் ‘கேன்’ என்று முடித்துக்காட்டும் ஊர் ஒரு தடவை ‘கேனாட்’ சொல்லி நிறுத்திய இடம் இது என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ரொட்டியை இழந்த கொரியப் பையன் மட்டும் மனசில்லாமல் ஆட்டினான்.

*

திங்கள் முதல் வெள்ளி வரை என் பிழைப்பு சீனா, வியட்நாம், கொரியா, ஜப்பான் என்று பல தேசத்துப் பெரியவர்களுக்கும் இளவட்டங்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. அவர்கள் சிங்கப்பூருக்கு வருவதே இங்கே ஆங்கிலம் புழங்குகிறது என்பதற்காகத்தான். 1987 முதல் பள்ளிக்கூடமெல்லாம் ஆங்கில வழி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 சதவீதம்; பத்து வருஷத்துக்கு முன் அது 32.3. அதிகாரபூர்வ மொழிகள் நான்கில் ஒன்றான நம் தமிழ் 2.5 சதவீதம்.

இவ்வளவு ஆங்கிலம் புழங்கும் ஊருக்கு, தன் ஆங்கிலம் சரியில்லையோ என்ற கவலையும் உண்டு. ‘புவா சூ காங்’ என்று ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். சுருட்டை முடி, கன்னத்தில் மரு, காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு கட்டட கான்ட்ராக்டர்தான் நாயகன். பேச்சு முழுக்க இந்தக் கேன், கேனாட் வகை ஆங்கிலம்தான், சிங்லிஷ். ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. பிள்ளைகள் அவனைப்போலவே பேச ஆரம்பித்தார்கள். 1999 தேசிய தின உரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங், அந்தக் கான்ட்ராக்டரை ஆங்கில வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தொழிலாளர்களுக்கான அடிப்படைக் கல்வி வகுப்பின் பெயரையும் சேர்த்தே சொன்னார். நாட்டின் பிரதமரே, இல்லாத ஓர் ஆளுக்கு டியூஷன் சிபாரிசு செய்த கதை வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது.

கான்ட்ராக்டர் வகுப்புக்குப் போன கதை இருக்கட்டும். கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவர்கள் வகுப்புக்கு வந்த கதைக்கு வருகிறேன்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் முதலில் வருவது சத்தம். அதற்குப் பிறகுதான் மல்லிகை, மீன், ஊதுபத்தி. அரசாங்கப் பலகைகள் லிட்டில் இந்தியா என்று சொல்லட்டும். நம்மாட்களுக்கு இது தேக்கா. மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் பெயர் நம் வாயில் உருண்டு உருண்டு, தேக்குமரத்தின் தம்பி மாதிரி ஆகிவிட்டது. இடத்துக்கு மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில். இன்றும் ஒரு சாலைக்கு பஃபலோ ரோடு என்றே பெயர். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்பார்கள். சுற்றிலும் சுண்ணாம்புச் சூளைகளும் அதில் வேலை பார்த்தவர்களும். கம்பம் என்றால் மலாயில் கிராமம். இந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

துவாஸ், ஜூரோங், கிராஞ்சி என்று தீவின் ஓரங்களில் இருக்கும் தங்குவிடுதிகளிலிருந்து நம்மூர்த் தொழிலாளர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, திருவாடானை, சிதம்பரம்... ஒரு தெருவை நடந்து கடப்பதற்குள் காவிரிப் படுகையும் ராமநாதபுரமும் காதில் விழுந்துவிடும். ஊருக்குப் பணம் அனுப்புகிற வரிசை, முடிவெட்டுகிற வரிசை, முஸ்தபா கடையில் தங்கச் சங்கிலியின் எடை கேட்கிற வரிசை. புல்தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, போன் திரையில் மூன்று வயது மகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கும் அப்பாக்கள். 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் தமிழ்த் தொழிலாளர் ஒருவர் பஸ் அடியில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. சிங்கப்பூர் பல பத்தாண்டுகளாகப் பார்க்காத காட்சி. பொது இடத்தில் மது குடிக்க இந்தப் பகுதியில் இன்றும் தனிக் கட்டுப்பாடு உண்டு. அன்று இங்கே இருந்தவர்கள் அதைப்பற்றிப் பேசினால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இந்தத் தொழிலாளர்களுக்காக, கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் ஞாயிறு ஆங்கில வகுப்பு. ஃபீஸ் கிடையாது. என்னைப்போல் மூன்று பேர் முறை வைத்து நடத்துகிறோம். இருபது நாற்காலி, இருபத்தைந்து பேர் வந்தால் ஐந்து பேர் சன்னல் திட்டில். போன இதழில் ஒரு பூச்சு வேலைக்காரரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன் அல்லவா? காரைக்குடிப் பக்கத்து மனிதர், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், வந்து பன்னிரண்டு வருஷம். பெயரை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதால் பூச்சுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். இந்த வாரம் அவர்தான் கதாநாயகர்.

முதலில் நான் கொண்டுபோனது வார நாள் வகுப்பின் புத்தகம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விடுமுறைக்குப் போகிறது. ஓட்டலில் அறை கேட்கிறது. இரண்டாவது பக்கத்தில் பூச்சுக்காரர் கையைத் தூக்கினார். “டீச்சர், இவங்க லீவுக்குப் போகட்டும். எனக்கு சம்பளச் சீட்டு படிக்கணும்” என்று நாலாக மடித்த காகிதத்தை நீட்டினார்.

அன்றிலிருந்து அதுதான் பாடப்புத்தகம். 2016 ஏப்ரல் முதல், ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாகக் காட்டும் சம்பளச் சீட்டை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் எல்லாரிடமும் ஒரு சீட்டு உண்டு; படித்தவர்கள்தான் குறைவு. ‘பேசிக்’ என்றால் அடிப்படைச் சம்பளம். ‘ஓட்டி’ என்று இவர்கள் வாயில் வழங்கும் கூடுதல் நேரத்துக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்குமேல் போகக்கூடாது என்பது பொது விதி. ‘டிடக்‌ஷன்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதியபோது அறை அமைதியாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணை ஒவ்வொருவரும் தன் சீட்டில் தேடினார்கள். மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு பையன் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டான். என் ஆசிரிய வாழ்க்கையில் ஒரு சொல்லை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை.

*

அடுத்த பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

தலைப்பு: கேனாட். நான் சூப்பர்வைசர், அவர்கள் தொழிலாளி. “கோ அப்! ஃபாஸ்ட், ஃபாஸ்ட்!” என்று நான் அதட்ட வேண்டும். “கேனாட், பாஸ். நோ பெல்ட்” என்று அவர்கள் மறுக்க வேண்டும். மூன்று மீட்டருக்குமேல் விழக்கூடிய உயரத்தில் வேலை என்றால், அந்த வேலைக்கென்று எழுதிய அனுமதிச் சீட்டு, அதாவது ‘பெர்மிட்’, இல்லாமல் ஏற்றக்கூடாது என்பது இங்கே விதி. இவர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பாதுகாப்புப் பயிற்சியில் தமிழிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அதட்டினேன். முதல் ஆள் எழுந்தார். சிரித்தார். “ஓகே பாஸ்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது ஆள், “யெஸ் பாஸ்.” மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் ஏணியில் ஏறுவதுபோல் நாற்காலிமேல் ஏறிவிட்டார். விளையாட்டுக்குக்கூட ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. நான் உச்சரிப்புப் பிரச்சினை என்று நினைத்து, பலகையில் அசை பிரித்து எழுதினேன். கே–னாட்.

பூச்சுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“டீச்சர், கேனாட்டுன்னா என்னன்னு தெரியாமலா பன்னெண்டு வருஷம் இங்க இருக்கோம்? தினமும் அந்தச் சொல்லத்தானே அவங்க நம்மகிட்ட சொல்றாங்க. சொல்லத் தெரியும். சொல்லிட்டு ராத்திரி தூக்கம் வராது. அதான்.”

ஏஜென்ட்டுக்குக் கட்டிய லட்சங்களுக்கு ஊரில் வட்டி ஓடுகிறது. இந்த நாட்டில் வேலை பார்க்கும் அனுமதியே முதலாளியின் பெயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. அந்த முதலாளியும் ஒவ்வொரு தலைக்கும் 5,000 வெள்ளிக்கு அரசாங்கத்திடம் பிணை எழுதிக்கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் இரண்டசைச் சொல் ஒன்றின் தலையில் ஏற்றிவிட்டு, உச்சரிப்புச் சரியில்லை என்று நான் திருத்திக்கொண்டிருந்தேன். மீதி அரைமணி நேரமும் பழைய பாடத்தைத் திருப்பினோம்.

அன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பூச்சுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் கீழே நின்றிருந்தார்கள். “டீச்சர், எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. பன்னெண்டு வருஷத்துல தேக்காவும் சைட்டும் தவிர ஒண்ணும் பார்த்ததில்லை” என்றார். மூன்று பேரும் ஊழியர் பேருந்தைத் தவறவிடக்கூடாது. இரண்டு மணி நேரம்தான் கையில். எனக்குச் சட்டென்று சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன்.

பச்சைப் புல்வெளி நடுவே பால்வெள்ளைக் கட்டடம். 1856இல் தொடங்கி 1861 வரை கட்டினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை அப்படிக் கைதிகள் இங்கே இருந்தார்கள். ரோடு போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். இந்தச் சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சுட்ட சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தேன். பூச்சுக்காரர் நின்றுவிட்டார்.

“முட்டை வெள்ளைக்கருவா? எங்க ஊர் செட்டியார் வீட்டுச் சுவருக்கும் அதான் டீச்சர். எங்க தாத்தா பூசுனது. கைய வச்சா சில்லுன்னு இருக்கும்.”

சுவரில் உள்ளங்கையை வைத்தார். இன்றைக்கு வெளியே தெரிவது எத்தனையோ பழுதுபார்ப்பு கண்ட மேற்பரப்பு என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. புறங்கையால் ஒருமுறை தடவினார். தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, சுவரோரத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். “ரசமட்டம் பிசகலை” என்றார். பிறகு, “கைதிங்கன்னா... இவங்களுக்குச் சம்பளச் சீட்டு இருந்திருக்குமா டீச்சர்?” என்று கேட்டார்.

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

*

மூன்று ஞாயிறு கழிந்தது. நான்காவது ஞாயிறு, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பூச்சுக்காரர் வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. நான் மார்க்கரை எடுத்ததும், “ஒரு நிமிஷம் டீச்சர். இன்னைக்கு நான் பாடம் நடத்தட்டா?” என்றார்.

புதன்கிழமை நடந்ததாம். கட்டட வெளிப்பக்கம், நாலாவது மாடி உயரத்தில் ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்திருந்தது. அரைமணி நேர டச்சப் வேலை. சாரத்தில் ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது. பெல்ட் ஸ்டோரில் இருந்தது, சாவி இருந்தவர் வெளியே போயிருந்தார். சூப்பர்வைசருக்கு அவசரம். கோ அப், ஃபாஸ்ட் ஃபாஸ்ட். நான் நடித்துக்காட்டிய அதே வசனம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றது வகுப்பு.

“கேன் பாஸ்னேன்.”

எல்லார் முகமும் விழுந்தது. என்னுடையதும்தான். அவர் ஒரு நொடி நிறுத்தினார். கதை சொல்லத் தெரிந்தவர்.

“‘கேன் பாஸ். பெர்மிட் காட்?’ அப்படின்னேன். சிரிச்சுக்கிட்டே.”

‘பெர்மிட் இருக்கா?’ என்று அர்த்தம். சூப்பர்வைசர் இவரைப் பார்த்தாராம். சாரத்தைப் பார்த்தாராம். போனை எடுத்து யாரிடமோ சீன மொழியில் பேசினாராம். நாற்பது நிமிஷம் கழித்து சேஃப்டிக்காரர் காகிதத்தோடு வந்தார், பலகையைக் கட்டவைத்தார், பெல்ட்டும் வந்தது. அப்புறம் இவர் ஏறினார்.

“நான் கேனாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர். கேன்னுதானே சொன்னேன்.”

வகுப்பு ஓவென்று சிரித்தது. எனக்கு எங்கள் ஊர்க் கிழவர்கள் ஞாபகம் வந்தார்கள். பண்ணையார் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டுங்க’ என்பார்கள். கூடவே ‘கொஞ்சம் மழை விடட்டுங்க’ என்பார்கள். மறுப்பு என்று ஒரு சொல் இருக்காது, ஆனால் காரியம் நடக்காது. ஒன்பது வருஷக் கல்லூரி அனுபவத்தில் எனக்குத் தோன்றாத ஒரு வாக்கியத்தை, அந்தக் கிழவர்களின் பேரன் நாலாவது மாடிக்குக் கீழே நின்று கண்டுபிடித்திருந்தார். எல்லா சூப்பர்வைசரிடமும் இது செல்லுமா? செல்லாது. ஆனால் புதன்கிழமை செல்லுபடியானது.

பலகைப் பக்கம் திரும்பினேன். ‘கேன் பாஸ். பெர்மிட் காட்?’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கை பழக்கதோஷத்தில் அங்கேயே நின்றது. எழுவாய் இல்லை, கேள்வி தலைகீழாக நிற்கிறது, திருச்சியில் என்றால் அரை மார்க் போயிருக்கும். மார்க்கரை மூடி வைத்துவிட்டேன்.

இருபத்தைந்து பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சன்னல் திட்டிலிருந்து ஒரு பையன் தலைதூக்கினான்.

“டீச்சர், பெர்மிட்டுக்கு எத்தனை ஆர்?”

“ஒண்ணுதான். எழுது.”

(தொடரும்)

அடுத்த இதழில்: கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தடுத்து வைத்திருந்த செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்.